கேஸ் மேனேஜர் வேலை தேடும் செவிலியர்கள் எங்கே தவறுகிறார்கள்?

அமெரிக்க மருத்துவமனை வார்டில் பல வருடங்கள் நின்றே வேலை பார்த்த செவிலியர் ஒருவர், நோயாளியின் சிகிச்சை, காப்பீடு, டிஸ்சார்ஜ் ஆகியவற்றை ஒருங்கிணைக்கும் கேஸ் மேனேஜர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் முதுகு வலியோ, இரவுப் பணியோ, பண்டிகை நாள் டியூட்டியோ இருக்கும். காரணத்தில் தப்பில்லை. அதை நேர்காணலில் சொல்வதுதான் தப்பு. “வார்டு வேலை போதும், உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும்” என்ற பதிலை எதிரே இருப்பவர் அந்த வாரத்தில் எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பார். அது உண்மையும் அல்ல. உட்கார நாற்காலி கிடைக்கும், ஆனால் ஒரு காதில் காப்பீட்டு நிறுவனம், மறு காதில் நோயாளியின் மகன், வாசலில் “இந்தப் படுக்கை எப்போது காலியாகும்?” என்று கேட்கும் மேற்பார்வையாளர் என்றுதான் நாள் போகும்.

இந்த வேலை எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே பலர் விண்ணப்பிக்கிறார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர், 1983 முதல் மருத்துவமனைகளுக்குப் பணம் தரும் முறையை மாற்றியது. அதுவரை ஆன செலவைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு, இன்ன நோய்க்கு இன்ன தொகை என்று முன்கூட்டியே வகுத்துவிட்டார்கள். நோயாளி நான்கு நாளில் வீட்டுக்குப் போனாலும் ஒன்பது நாள் இருந்தாலும் பெரும்பாலும் அதே தொகைதான். 2012 அக்டோபர் முதல் இன்னொரு கட்டுப்பாடும் சேர்ந்தது. சில நோய்களுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் 30 நாட்களுக்குள் மீண்டும் வந்து படுப்பது வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால், உள்நோயாளிச் சிகிச்சைக்காக மெடிக்கேர் அந்த மருத்துவமனைக்குத் தரும் தொகையில் 3 சதவீதம் வரை வெட்டு விழும். சீக்கிரம் அனுப்பவும் வேண்டும், அனுப்பியவர் திரும்பி வராமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரப் பார்ப்பதற்குத்தான் மருத்துவமனை ஒரு செவிலியருக்குச் சம்பளம் கொடுக்கிறது.

சம்பளம் கொடுப்பவர் மாறினால் வேலையும் மாறும். பதவிப் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். வீட்டுக்கே போய் மருத்துவம் செய்யும் நிறுவனங்களும், இறுதிக்காலப் பராமரிப்பு அளிக்கும் ஹாஸ்பிஸ்களும் ‘ஆர்என் கேஸ் மேனேஜர்’ (ஆர்என் என்றால் பதிவுபெற்ற செவிலியர்) என்று விளம்பரம் செய்யும்போது, காரில் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடும் செவிலியரைத்தான் தேடுகின்றன. மேசையை எதிர்பார்த்துப் போனவருக்கு அங்கே அதிர்ச்சிதான். ‘யுடிலைசேஷன் ரெவ்யூ’ வேலையிலோ நோயாளியோடு பேச்சே இருக்காது. மருத்துவக் குறிப்புகளை இன்டர்குவால், எம்சிஜி போன்ற அளவுகோல்களோடு ஒப்பிட்டு, இந்த அனுமதி நியாயம்தானா என்று பார்ப்பதே முழுநேர வேலை. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டில், வேலையில் அடிபட்டவரை மறுபடி வேலைக்குத் திரும்ப வைப்பதுதான் குறி. அந்த வகைக் களப்பணியில், செலவழித்த நேரத்தைக் கணக்கு எழுதிக் கட்டணம் கேட்பதும் வேலையின் ஒரு பகுதி. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ‘கேஸ் மேனேஜர்’ என்று மட்டும் தேடினால், ‘டிஸ்சார்ஜ் பிளானர்’, ‘கேர் கோஆர்டினேட்டர்’, ‘டிரான்சிஷன்ஸ் ஆஃப் கேர்’ என்ற பெயர்களில் இருக்கும் இதே வேலைகள் கண்ணில் படாமல் போய்விடும்.

சான்றிதழ் வாங்கிய பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று காத்திருப்பது இன்னொரு பெரிய தவறு. இத்துறையில் அதிகம் மதிக்கப்படுவது சிசிஎம் (சர்ட்டிஃபைட் கேஸ் மேனேஜர்) சான்றிதழ். அந்தத் தேர்வை எழுதவே அனுபவம் வேண்டும்: சிசிஎம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் 12 மாதம் முழுநேரக் கேஸ் மேனேஜ்மென்ட் பணி, அப்படி மேற்பார்வை இல்லையென்றால் 24 மாதம். தேர்வில் 180 கேள்விகள், நேரம் மூன்று மணி. மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்வது 150 கேள்விகளை. மருத்துவமனைப் பணிக்கென்றே உள்ள ஏசிஎம் சான்றிதழுக்கும் முன் அனுபவம் தேவை. ஆகவே, ‘ஆறே வாரத்தில் கேஸ் மேனேஜர் சான்றிதழ்’ என்று இணையத்தில் விற்கப்படுவது பயிற்சி முடித்ததற்கான தாள் மட்டுமே. கற்றுக்கொள்ள உதவினால் நல்லது. ஆனால் அதை ரெஸ்யூமேயில் சிசிஎம்முக்கு இணையாகப் போட்டுக்கொண்டால், விஷயம் தெரிந்தவர் அந்த வரியிலேயே மதிப்பைக் குறைத்துவிடுவார். வேலை விளம்பரத்தில் ‘சிசிஎம் விரும்பத்தக்கது’ என்றிருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். சேர்ந்த இரண்டு மூன்று வருடத்துக்குள் வாங்கிக்கொள்ளச் சொல்லும் இடங்களும் உண்டு.

பணம் எப்படி வருகிறது என்று படிக்காமல் நேர்காணலுக்குப் போவதுதான் என் பார்வையில் மிகப் பெரிய தவறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

78 வயதுப் பாட்டி ஒருவர் வீட்டில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் விரிசலோடு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை தேவையில்லை. வலி குறைய வேண்டும், நடக்கப் பழக வேண்டும். மூன்று இரவுகள் மருத்துவமனைக் கட்டிலில் இருக்கிறார். அடுத்து, பயிற்சி பெற்ற செவிலியர்களும் பிசியோதெரபியும் உள்ள பராமரிப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும். வார்டு செவிலியர் பார்வையில் இதில் ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் அவர் ‘உள்நோயாளி’யாகச் சேர்க்கப்பட்டாரா, சேர்க்காமல் கண்காணிப்பில் மட்டும் வைக்கும் ‘அப்சர்வேஷன்’ என்ற கணக்கில் வைக்கப்பட்டிருந்தாரா? அரசே நேரடியாக நடத்தும் மெடிக்கேரில், அந்த மையத்துக்குப் பணம் கிடைக்க வேண்டுமானால், தொடர்ந்து மூன்று நாட்கள் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாள் கணக்கில் சேராது. அப்சர்வேஷனில் கழிந்த நேரமும் சேராது. சட்டப்படி அது வெளிநோயாளிச் சிகிச்சை. அதே கட்டில், அதே மருந்து, அதே செவிலியர். ஆனாலும் பராமரிப்பு மையத்தின் முழுச் செலவும் குடும்பத்தின் தலையில் விழும்.

இதைக் கேஸ் மேனேஜர் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். 2013 அக்டோபரில் வந்த ‘இரண்டு நள்ளிரவு’ விதிப்படி, நோயாளிக்கு இரண்டு நள்ளிரவுகளைத் தாண்டி மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படும் என்று மருத்துவர் நியாயமாக எதிர்பார்த்தால் உள்நோயாளியாகச் சேர்க்கலாம். அந்த எதிர்பார்ப்புக்கான காரணம் குறிப்பேட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் மருத்துவரிடமும், இத்தகைய சேர்க்கை முடிவுகளைப் பார்க்கும் மருத்துவமனையின் ஆலோசனை மருத்துவரிடமும் உடனே பேச வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் அப்சர்வேஷனில் இருப்பவருக்கு, 36 மணி நேரத்துக்குள் ‘மூன்’ எனப்படும் அறிவிப்பைக் கொடுத்து விளக்கியாக வேண்டும். கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று அந்தத் தாளை நீட்டுபவர்களைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது. பராமரிப்பு மையத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம் என்று குடும்பத்துக்கு முன்கூட்டியே தெரியவருவது அந்தத் தாளால்தான். பாட்டி வைத்திருப்பது தனியார் நிறுவனம் நடத்தும் மெடிக்கேர் அட்வான்டேஜ் திட்டமென்றால் கதை வேறு: மூன்று நாள் விதியைப் பல திட்டங்கள் தளர்த்துகின்றன, ஆனால் முன் அனுமதி கேட்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்த அனுமதியைத் தேடத் தொடங்கினால், பாட்டி திங்கள்கிழமை வரை அதே கட்டிலில்தான் இருப்பார்.

இந்த ஒரு நோயாளியைப் பற்றி ஐந்து நிமிடம் தெளிவாகப் பேச முடிந்தவருக்கு, கேஸ் மேனேஜராக ஒருநாளும் இருந்திராவிட்டாலும் வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம். தேவையான விதிகள் எல்லாம் மெடிக்கேரின் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன.

ரெஸ்யூமேயிலும் இதே குறைதான். ஊசி போட்டது, மருந்து கொடுத்தது, டெலிமெட்ரியில் இதயத் துடிப்பைக் கண்காணித்தது என்று பட்டியல் நீளும். செவிலியர் என்றாலே இவையெல்லாம் செய்திருப்பார் என்று படிப்பவருக்குத் தெரியும். அவர் தேடுவது வேறு. வீட்டுக்கு ஆக்சிஜன் ஏற்பாடு செய்திருக்கிறீர்களா? பல துறையினர் கூடும் காலை ரவுண்ட்ஸில் தடைகளை எடுத்துச் சொல்லியிருக்கிறீர்களா? இன்சுலினை முதல்முறை போட்டுக்கொள்ளப் போகிறவருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர் செய்து காட்டும்வரை விடாமல் நின்றிருக்கிறீர்களா? டயாலிசிஸ் மையத்தில் இடம் கிடைக்காமல் டிஸ்சார்ஜ் தள்ளிப்போனபோது யாரிடம் பேசினீர்கள்? பெரும்பாலான வார்டு செவிலியர்கள் இதில் பாதியைச் செய்திருப்பார்கள். ஆனால் எழுதுவதில்லை.

வீட்டிலிருந்தே வேலை என்று காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்கும் விளம்பரங்களில்தான் முதலில் எல்லாரும் போய் விழுகிறார்கள். போட்டி மிக அதிகம். முன் அனுபவமும் கேட்பார்கள். தொலைபேசி வழி வேலையில் உரிமப் பிரச்சினையும் இருக்கிறது: நோயாளி எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அங்கே செல்லுபடியாகும் உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும். ஒரே உரிமம் பல மாநிலங்களில் செல்லும்படி நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்துள்ள கூட்டு உரிம ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் இல்லை. அங்கே குடியிருப்பவர்கள் இதைப் பார்க்காமல் விண்ணப்பித்துவிட்டு, ஏன் பதிலே வரவில்லை என்று வருந்துகிறார்கள். இதைவிடச் சொந்த மருத்துவமனையின் கேஸ் மேனேஜ்மென்ட் துறையில் அனுமதி பெற்று ஒரு நாள் கூடவே இருந்து பார்ப்பதும், வார இறுதிப் பகுதிநேர இடம் காலியானால் கேட்பதும் நல்ல வழி. தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் துறை மாறும் முன் ஒப்பந்தத்தையும் விசா நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துவிடுவது அவசியம். இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டிய ஒப்பந்தங்கள் இருக்கின்றன.

வேலை கிடைத்த பிறகு, முதல் மாதங்களில் பலரைச் சிக்கவைப்பது நல்லெண்ணம்தான். “நீயே சொல்லும்மா, எந்த மையம் நல்லது?” என்று பெரியவர் ஒருவர் கேட்டால் பதில் வாய் வரை வந்துவிடும். ஆனால் பட்டியலைக் கொடுத்து, தர விவரங்களை எங்கே பார்ப்பது என்று காட்டி, தேர்வை அவரிடமே விட வேண்டும் என்பது மெடிக்கேர் விதி. “இன்ஷூரன்ஸ் எல்லாம் பார்த்துக்கொள்ளும்” என்ற வாக்குறுதியும் அப்படித்தான். தமிழ்க் குடும்பம் என்றால் கூடுதல் கவனம் தேவை. மகனைப் பார்க்க ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்த தாய்க்கு மெடிக்கேர் கிடையாது; கிரீன் கார்டு பெற்ற பெற்றோரும், வாழ்நாளில் அங்கே வேலை பார்த்திராதவர்கள் என்றால், 65 வயதாகித் தொடர்ந்து ஐந்து வருடம் குடியிருந்த பின்னரே பணம் கட்டிச் சேர முடியும். உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதற்காக மொழிபெயர்ப்பாளர் வேலையையும் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். மருத்துவமனை உங்களை முறையாகத் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளராக ஏற்றிருந்தால் ஒழிய, சிகிச்சை முடிவுகளுக்கு அதற்கென உள்ளவரை அழைப்பதே சரி.

வேலைக்கான கடிதம் கைக்கு வந்ததும் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்கள் உண்டு. இரவுப் பணிக்கும் வார இறுதிக்கும் கிடைத்த கூடுதல் தொகை போனபின் கையில் வருவது முன்பைவிடக் குறையலாம். எனவே சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: ஒருவருக்கு எத்தனை நோயாளிகள், யுடிலைசேஷன் ரெவ்யூவும் அதே ஆள்தான் பார்க்க வேண்டுமா, துறையில் சமூகப் பணியாளர் ஒருவர் இருக்கிறாரா, விடுப்பில் போனால் உங்கள் நோயாளிகளை யார் பார்ப்பார், பயிற்சிக் காலம் எத்தனை வாரம். நோயாளிகளின் எண்ணிக்கைக்கு மழுப்பலான பதில் வந்தால், அந்தத் துறையில் இப்போது வேலை செய்யும் ஒருவரைத் தனியாகப் பிடித்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.