சீலிங்கில் துளை போடுமுன்: பழைய வீட்டுக்குக் கல்நார் சோதனை எப்போது தேவை

கோலாலம்பூரின் செந்தூல், செத்தாபாக், கெப்போங் பக்கத்துத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) பழைய வரிசை வீடு வாங்குபவர்கள் பெரும்பாலும் குசினியைப் பின்னால் நீட்டுவார்கள், பிறகு சீலிங்கை மாற்றுவார்கள். இந்த இரண்டு வேலையிலும் கல்நார் ஷீட் கைக்கு வர வாய்ப்பு உண்டு. கல்நாரை நம் பேச்சு வழக்கில் அஸ்பெஸ்டாஸ் என்போம்.

சோதனைக்குச் சரியான நேரம், குத்தகைக்காரரிடம் கோட்டேஷன் கேட்பதற்கு முன். விலை பேசி முன்பணம் கொடுத்த பிறகு ஷீட்டில் கல்நார் இருப்பது தெரிந்தால் வேலை முறை, ஆட்கள், கழிவு ஏற்றும் செலவு எல்லாம் மாறும். அப்போது "பரவாயில்லை, உடைச்சிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். காசு நெருக்கத்தில் நீங்களும் தலையாட்டுவீர்கள். முன்கூட்டியே ஆய்வறிக்கை கையில் இருந்தால் அந்த இக்கட்டே வராது.

கல்நார் சிமெண்ட் ஷீட்டில் எடைக்கணக்கில் 10 முதல் 15 விழுக்காடு வரை வெள்ளைக் கல்நார் (கிரைசோடைல் என்ற வகை) கலந்திருப்பது வழக்கம். சிமெண்ட் அந்த நாரைப் பிடித்து வைத்திருக்கும் வரை காற்றில் பெரிதாக எதுவும் வராது. அறுத்தால், துளைத்தால், தேய்த்தால், உடைத்தால்தான் நார் பிரிகிறது. பிரிந்த நார் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, தொண்டையில் அரிப்பும் தராது. நுரையீரலுக்குள் போனது அங்கேயே தங்கும். நுரையீரல் புற்றுநோயோ, நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமாவோ தெரிய 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகும். சிகரெட் பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு கூடுகிறது.

வீடு கட்டிய ஆண்டை வைத்து முடிவு செய்யலாமா?

பாதிதான் செய்யலாம். பிரிட்டன் 1999-லும் ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31-லும் கல்நாருக்குத் தடை போட்டுக் கதவைச் சாத்தின. அங்கே கட்டிய ஆண்டைக் கேட்டால் ஓரளவு பதில் கிடைக்கும். மலேசியாவில் 1986-இல் வந்த கல்நார் விதிமுறைகள் நீலக் கல்நாரை (குரோசிடோலைட் என்ற வகை) தடுத்தன, வெள்ளையைத் தடுக்கவில்லை. அதனால் இன்ன ஆண்டுக்குப் பிறகு கவலையில்லை என்று கோடு கிழிக்க முடியாது. 1960களிலிருந்து 1990கள் வரை கட்டிய வீடு என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிந்திய வீட்டிலும், பழைய ஷீட்டை எங்கிருந்தோ கொண்டுவந்து கோழிக்கூட்டுக்கும் ஸ்டோருக்கும் போட்டிருந்தால் கதை மாறிவிடும்.

பார்த்துச் சொல்ல முடியாது. இப்போது விற்கும் கல்நார் இல்லாத சிமெண்ட் ஷீட்டும் அதே சாம்பல் நிறம், அதே கனம். பின்பக்கம் கல்நார் இல்லை என்று அச்சிட்டிருந்தால் படமெடுத்து வையுங்கள், ஆனால் அந்த ஒரு ஷீட்டை வைத்து முழு வீட்டையும் கணிக்காதீர்கள். ஒழுகிய இடத்தில் மட்டும் பின்னாளில் மாற்றியிருப்பார்கள்.

எங்கெங்கே தேடுவது

மரச்சட்டத்தில் ஆணியடித்து, இணைப்புகளை மெல்லிய மரப்பட்டையால் மூடிய தட்டைச் சீலிங் முதலில். பிறகு குசினி, அஞ்சடி (முன்பக்கக் கூரையுள்ள நடைபாதை), கார் நிறுத்துமிடத்தின் மேலுள்ள நெளிவு ஷீட் கூரை. கூரை ஓரத்தின் அடிப்பக்கம், அறைகளைப் பிரிக்கும் தட்டைச் சுவர், குளியலறை உட்சுவர், பழைய மழைநீர்க் குழாய் எல்லாவற்றையும் பாருங்கள். பழைய வினைல் தரை ஓடும் அதற்குக் கீழே உள்ள கறுப்புப் பசையும் தனித்தனியாகச் சந்தேகிக்க வேண்டியவை. பழைய கடைவீடுகளில் முன்பக்கம் களிமண் ஓடாக இருக்கும். பின்கட்டில் பிற்காலத்தில் போட்ட கூரைதான் ஷீட். முன்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அலுவலகக் கட்டடங்களிலும் பழைய தொழிற்கூடங்களிலும் இரும்புத் தூண்மேல் தெளித்த பூச்சு, சூடான குழாயைச் சுற்றிய உறை ஆகியவை வேறு வகை. விரலால் தேய்த்தாலே பொடியாகும். அவற்றை நீங்களே தொட வேண்டாம். மாதிரி எடுப்பதையும் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

எந்த வேலை வந்தால் சோதிப்பது

உடைப்பு வேலை என்றால் எல்லாருக்கும் புரிகிறது. சின்ன வேலைகளில்தான் கோட்டை விடுகிறோம். சீலிங்கில் டவுன்லைட்டுக்கு வட்டமாக அறுப்பது, ஏர்கோன் குழாய்க்குத் துளை போடுவது, விசிறியின் கொக்கியை மாற்றுவது. கூரைமேல் சோலார் பலகையோ, சுடுநீர்த் தொட்டியோ, ஆஸ்ட்ரோ டிவி தட்டோ பொருத்துவது. பாசி போக உயர் அழுத்தத் தண்ணீர் அடிப்பது இவற்றில் மோசமான ஒன்று: வெயிலில் தேய்ந்த மேற்பரப்பை அது சுரண்டி, நாரைக் கழிவுநீரோடு பக்கத்து வீடு வரை தெறிக்க வைக்கும்.

தீபாவளிக்கு முன் வெள்ளையடிக்கும் வேலையையும் இதில் சேர்க்க வேண்டும். சாமி அறைச் சீலிங்கில் பல ஆண்டுப் புகை படிந்திருக்கும். பெயிண்ட் ஒட்டாது என்று மணல்தாளால் தேய்ப்பார்கள், மெஷின் போட்டும் தேய்ப்பார்கள். அந்தச் சீலிங் சோதிக்காததாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, அடிப்பூச்சு போட்டு, மேலே பெயிண்ட் அடியுங்கள். தேய்க்கவே கூடாது.

புயல் காற்றிலோ தீயிலோ ஷீட் உடைந்தாலும், ஒழுகி ஊறித் தொங்கினாலும் உடனே சோதனை. வீடு வாங்குமுன் செய்வதும் நல்லது, ஆனால் அதற்கு உரிமையாளர் அனுமதி தேவை.

அதேபோல் சோதனையே தேவைப்படாத நிலையும் உண்டு. விரிசல் இல்லாத, பெயிண்ட் அடித்த சீலிங்கை அடுத்த பல ஆண்டுகளுக்கு யாரும் தொடப் போவதில்லை என்றால் கல்நார் என்றே எண்ணிக்கொண்டு சும்மா விடுங்கள். பழைய கல்நார் சிமெண்ட் தண்ணீர்க் குழாய் பற்றியும் பலர் பயப்படுகிறார்கள். குடிநீரோடு விழுங்கும் கல்நார் தீங்கு தருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. குழாயைக் காய்ந்த நிலையில் அறுப்பதுதான் ஆபத்து.

மாதிரி எடுக்கும் முறை

ஆள் வைத்து எடுப்பதே நல்லது. சிமெண்ட் ஷீட்டாக இருந்து நீங்களே எடுக்க முடிவு செய்தால் இப்படிச் செய்யுங்கள். விசிறி, ஏர்கோன் இரண்டையும் அணைத்து, சன்னலைச் சாத்தி, மற்றவர்களை வெளியே அனுப்புங்கள். அடியில் 0.15 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் விரிப்பு. முகத்துக்கு எஃப்எஃப்பி3 அல்லது பி100 வடிகட்டி பொருத்திய முகமூடி. மருத்துவமனை முகமூடியும் கைக்குட்டையும் இதற்கு உதவாது. தாடி இருந்தால் முகமூடி ஓரம் ஒட்டாது, வேறு ஒருவர் செய்யட்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தெளியுங்கள். வெறும் தண்ணீர் மேலே உருண்டு ஓடிவிடும், சோப்பு கலந்தது உள்ளே ஊறும். ஏற்கெனவே உடைந்த ஓரம் இருந்தால் அங்கிருந்து, கட்டைவிரல் நக அளவில் இரண்டு மூன்று துண்டுகளை இடுக்கியால் ஒடித்தெடுங்கள். ஒடிக்கும்போதும் தெளித்துக்கொண்டே இருங்கள். ட்ரில், ரம்பம் வேண்டாம். மேற்பூச்சை மட்டும் சுரண்டாதீர்கள். பெயிண்ட்டில் நார் இல்லாததால் இல்லை என்று வரும் முடிவு, மாதிரியே எடுக்காததைவிடக் கெடுதல்.

துண்டை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, வெளியே ஈரத்தாளால் துடைத்து, இரண்டாவது பையில் போடுங்கள். எண், அறை, பொருள், தேதி எழுதுங்கள். ஒடித்த ஓரத்தில் பெயிண்ட்டோ பசையோ பூசுங்கள். அடுத்த மாதிரிக்கு முன் இடுக்கியைத் துடைக்காவிட்டால் ஒன்றின் நார் இன்னொன்றில் ஒட்டி, இல்லாத இடத்திலும் இருப்பதாகக் காட்டும்.

எத்தனை மாதிரி? பொருள் மாறினாலும் கட்டிய காலம் மாறினாலும் தனி மாதிரி. முன்ஹால் சீலிங் ஒன்று, நீட்டிய குசினிச் சீலிங் ஒன்று, கூரை ஒன்று. தெளித்த பூச்சை வேலையிடத்தில் கலந்திருப்பதால் எல்லா இடத்திலும் ஒரே அளவு இருக்காது, அதற்குக் குறைந்தது மூன்று.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியது

ஐஎஸ்ஓ 17025 தரத்தில், மலேசியத் தர நிர்ணயத் துறையின் எஸ்ஏஎம்எம் (ஆய்வகங்களுக்கான திட்டம்) அங்கீகாரம் கல்நார்ச் சோதனைக்கே இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர்ச் சோதனைக்கு மட்டும் அங்கீகாரம் வைத்திருப்பவரும் இருப்பார். துண்டுகளைத் துருவ ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வினைல் ஓட்டில் நார் மிக நுண்ணியது என்பதால் அந்தக் கருவிக்குத் தப்பலாம். அதில் மட்டும் இல்லை என்று வந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கிச் சோதனை கேளுங்கள்.

காற்றைச் சோதித்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. யாரும் தொடாத நாளில் காற்று சுத்தமாகவே காட்டும், ஷீட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. அகற்றிய பிறகு அறை தெளிந்ததா என்று பார்க்கத்தான் அது உதவும்.

கல்நார் என்று வந்தால்

அகற்றுவது ஒன்றே வழியல்ல. கூரைக்கு மேல் அடைப்புப் பூச்சு போடலாம், சீலிங்கைத் தொடாமல் கீழே தனிச் சட்டத்தில் புதுச் சீலிங் கட்டலாம். அகற்றுவதானால் குத்தகைக்காரரிடம் மூன்று கேள்வி: நனைத்து எடுப்பீர்களா, ஷீட்டை உடைக்காமல் ஆணியையும் கொக்கி போல்ட்டையும் வெட்டிக் கழற்றுவீர்களா, கழிவு எங்கே போகும். தூசி, நார், கசடு வடிவக் கல்நார்க் கழிவு மலேசியாவின் 2005 அபாயக் கழிவு விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 201 என்ற குறியீட்டில் வருகிறது. வீட்டு வாசலில் நிற்கும் ரோரோ குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம் என்று சொல்பவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள். கூரையில் ஏறுபவர் பலகை போட்டே நடக்க வேண்டும். பழைய ஷீட் ஆள் பாரம் தாங்காமல் திடீரென்று உடையும்.

தவறி உடைந்துவிட்டால் விளக்குமாறும் வீட்டு வேக்குவமும் எடுக்க வேண்டாம். சாதாரண வேக்குவம் நுண்ணிய நாரைப் பின்பக்கம் ஊதிவிடும். விசிறியை நிறுத்தி, துண்டுகள்மேல் சோப்புத் தண்ணீர் தெளித்து, கதவைச் சாத்தி, ஆளைக் கூப்பிடுங்கள். உடுத்தியிருந்த துணியை உதறாமல் நனைத்துப் பையில் கட்டுங்கள்.

அறிக்கையின் ஒரு பிரதியை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். இன்னொன்றை மின்சாரப் பெட்டியின் கதவு உட்புறம் ஒட்டி, எந்தச் சீலிங்கில் துளை போடக்கூடாது என்று தமிழிலும் மலாயிலும் பெரிதாக எழுதுங்கள். அடுத்து வரும் ஏர்கோன்காரர் முதலில் திறப்பது அந்தப் பெட்டியைத்தான்.