இணைய மோசடிப் புகார்: உதவ வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் பணத்தை இழந்தவர்களுக்குப் புகார் எழுத உதவும் எங்கள் குழுவில் அண்மையில் சில இளைஞர்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால், தொடக்க காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்த பிறகு, எழுதி வைப்பதே நல்லது என்று தோன்றியது. ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது போன்ற, எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் கதை கேட்பது

பாதிக்கப்பட்டவர் வந்து அமர்ந்ததும், நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறோம். அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். போன பணம் பல வாடகைக் கணக்குகளுக்கு (மோசடிக்காரர்கள் பணத்தைக் கடத்தப் பயன்படுத்தும், பிறர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குகளுக்கு) சில நிமிடங்களிலேயே பிரிந்துவிடக்கூடும் என்பதால், இணைய நிதி மோசடிக்கான தேசிய உதவி எண்ணான 1930-ஐ அழைப்பதே முதல் வேலை. தொகை, நேரம், வங்கியின் பெயர், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டையில் இருப்பவரையே குற்றவாளியாக எழுதுவது

இன்றும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தேக்குக் கட்டிலை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தார். இராணுவத்தில் பணிபுரிவதாகச் சொல்லி ஒருவர் அழைத்து, பேரம் பேசாமல் விலைக்கு ஒப்புக்கொண்டு, தம் அடையாள அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அட்டையைப் பிடித்திருந்த கட்டைவிரல் படத்தின் ஓரத்தில் தெரிந்தது. உண்மையான ஆள் கையில் வைத்துக்கொண்டு எடுத்த படம் என்று அந்த அம்மையார் நம்புவதற்கு அந்த விரலே போதுமானதாக இருந்தது. பிறகு வந்த க்யூஆர் குறியீட்டை, பணம் பெறுவதற்கென்று நினைத்து ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணையும் உள்ளிட்டார். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. எண்ணைக் கேட்டாலே பணம் நம் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று பொருள்.

அவருக்கு உதவ வந்த எங்கள் இளைஞர், அட்டையிலிருந்த பெயரையும் படைப்பிரிவையும் எதிர்த்தரப்பாக எழுதியதோடு, “இவர்தான் மோசடிக்காரர்” என்ற குறிப்புடன் அந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுக்களிலும் பரப்பிவிட்டார். அதே கட்டைவிரலுடன் அதே படம், வேறொரு மாவட்டத்திலிருந்து எங்களிடம் வந்த பழைய புகாரிலும் இருந்தது. வாடகைக்கு வீடு தருவதாகச் சொல்லியோ வேறு ஏதேனும் சாக்கில் கேட்டோ உண்மையான வீரர் ஒருவரிடமிருந்து ஒருமுறை பெற்ற அட்டைப் படத்தை, மோசடிக் கும்பல்கள் பிறரை நம்பவைக்கத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன. அந்த வீரரும் பாதிக்கப்பட்டவர்தான். பிறருடைய அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவும், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதை 66டி பிரிவும் குற்றமாக்குகின்றன. இரண்டுக்கும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. பாதுகாப்புப் பணியில் இருக்கும் ஒரு மனிதரின் முகத்தை அவருடைய ஊரார் பார்க்கும் குழுக்களில் திருடன் என்று போட்டுவிட்டால், அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. போட்டவர் மீது அவதூறு வழக்கும் வரக்கூடும்.

எனவே, “அடையாளம் தெரியாத நபர்” என்றே எழுதுங்கள். அட்டைப் படத்தை, ஏமாற்றப் பயன்படுத்தப்பட்ட ஆவணம் என்று குறிப்பிட்டு இணையுங்கள். புலனாய்வுக்கு உதவுபவை தொலைபேசி எண், யுபிஐ முகவரி, பணம் சென்ற கணக்கு, பரிவர்த்தனைக் குறிப்பு எண், உரையாடல் நடந்த நேரம் ஆகியவை. முகநூல் கணக்காக இருந்தால் பக்கத்தின் இணைப்பு முகவரியை நகலெடுத்துக்கொள்ளுங்கள். பெயரையும் படத்தையும் எவரும் ஒரு நொடியில் மாற்றிவிடலாம்.

அழைப்பவரின் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலியை நம்புவது

அது காட்டும் பெயர் சான்று ஆகாது.

உரையாடலை அழிப்பது

அவமானம் தாங்காமல் அழித்துவிடுகிறார்கள். எண்ணை முடக்கலாம், உரையாடலை அழிக்கக் கூடாது.

பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று கட்டணம் கேட்பவரை அணுகுவது

அவரும் மோசடிக்காரரே.

அட்டையின் உரிமையாளரை மறந்துவிடுவது

அவரைத் தொடர்புகொள்ள முடிந்தால், தம் அடையாளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதாக அவரும் தனியே புகார் அளிக்கச் சொல்லுங்கள். அவர் பெயரில் எத்தனை சிம் இணைப்புகள் இருக்கின்றன என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, தமக்குத் தெரியாதவற்றை அங்கேயே புகாரளிக்கலாம். ஆதார் நகல் கொடுக்க நேரும்போது, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். எந்த அட்டையின் நகலானாலும் குறுக்கே நோக்கத்தையும் தேதியையும் பேனாவால் எழுதிவிட்டால், அதை வேறொருவரிடம் காட்டி நம்பவைப்பது எளிதல்ல.