போட்ட முதலீடு திரும்பும் நாள்: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள என் அலுவலகத்திற்கு ஓர் இளைஞர் வந்தார். தெமட்டகொடையில் சமையற்கூடம் அமைத்து, கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு மதிய உணவு வழங்குவது அவருடைய திட்டம். போட்ட முதலீடு 14 மாதங்களில் மீளும் என்று அவர் கொண்டுவந்த தாள் சொன்னது. அலுவலகங்கள் பணத்தை எப்போது தரும் என்று கேட்டேன். அடுத்த மாத இறுதியில் என்றார். தாளிலோ அந்தப் பணம் சோறு போன அன்றே வந்து சேர்ந்திருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நானே கைப்பட எழுதிக் கொடுத்த ஓர் அறிக்கை நினைவுக்கு வந்தது. கூட்டல் பிழையையும் மிகைப்படுத்திய விற்பனையையும் கடன் கொடுக்கும் வங்கிக்காரரே கண்டுபிடித்துவிடுவார் என்பதால், அவற்றை விட்டுவிட்டு இந்தக் கணக்கில் வரும் மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

விற்றதைக் காசென்று எண்ணுவது

கொட்டாஞ்சேனையில் அட்டைப்பெட்டிப் பட்டறை தொடங்க விரும்பிய ஒருவருக்காக எழுதிய அறிக்கை அது. இயந்திரமும் அதைப் பொருத்தும் செலவும் 60 இலட்சம் ரூபாய். மாத விற்பனை 20 இலட்சம். அதில் காகிதச் சுருளுக்கு 13 இலட்சமும், கூலி, வாடகை, மின்சாரம் ஆகியவற்றுக்கு 5 இலட்சமும் போக, 2 இலட்சம் மிஞ்சும். 60ஐ 2ஆல் வகுத்து, 30 மாதங்களில் முதல் மீளும் என்று எழுதிக் கையொப்பமும் இட்டேன்.

பெட்டிகளை வாங்கியவர்கள் புறக்கோட்டை மொத்த வியாபாரிகள். அவர்கள் மூன்று மாதம் தள்ளித் திகதியிட்ட காசோலையையே தருவார்கள் என்பது எனக்குத் தெரியும்; தெரிந்தும் கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான் இன்றும் உறுத்துகிறது. காகிதம் விற்பவரோ காசைக் கண்டால்தான் சுருளை இறக்குவார். ஆகவே முதல் மூன்று மாதங்களில், மாதம் 18 இலட்சமாக, 54 இலட்சம் வெளியே போயிற்று. உள்ளே ஒரு சதமும் வரவில்லை. வேலை நிற்காதிருக்க ஒரு மாதக் காகிதம் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். அது 13 இலட்சம். இரண்டும் சேர்ந்து 67 இலட்சம். பட்டறைக்குத் தேவைப்பட்ட தொழிற்படு மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்ட முடங்கிக் கிடக்கும் பணம், இயந்திரத்தின் விலையையே மிஞ்சியிருந்தது. என் அறிக்கையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஐந்தாம் மாதம் அவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, உங்கட கணக்கில லாபம் இருக்கு, லாச்சியில காசில்லையே" என்றார். அதற்குள் சில காசோலைகளை வட்டிக்கு மாற்றியிருந்தார்; மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயிருந்தன. முடங்கிய 67 இலட்சம் முழுவதையும் ஆண்டுக்கு 24 வீத வட்டிக்கு வாங்கியிருந்தால், மாத வட்டி மட்டும் 1.34 இலட்சம், நான் பெருமையோடு எழுதிய 2 இலட்சத்தில் எஞ்சுவது 66,000 ரூபாய். வட்டியே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், இயந்திரத்தோடு சேர்த்துப் போட்ட 127 இலட்சமும் மீள்வது, காசு வராத முதல் மூன்று மாதங்களையும் கூட்டி, 67ஆம் மாதத்தில்தான்.

தொழிற்படு மூலதனம் கடையை மூடும்போது திரும்பி வரும், எனவே அதைச் சேர்க்க வேண்டியதில்லை என்று புதியவர்கள் வாதிடுவார்கள். கடன்பட்டோர் அனைவரும் செலுத்தி, எஞ்சிய சரக்கும் விலைபோனால் அது வரலாம். ஆனால் மீளளிப்புக் காலம், அதாவது போட்ட முதலீடு திரும்ப எடுக்கும் காலம், கேட்பது பணம் கைக்கு எப்போது வரும் என்பதையே; கடையை மூடினால் வரக்கூடிய காசை, கடை நடக்கையிலேயே வந்துவிட்டதாக எழுத முடியாது. அதைவிட மோசமானது, விற்பனை இரட்டித்தால் முடங்கும் பணமும் ஏறத்தாழ இரட்டிக்கும்.

இப்போது நான் வகுத்தற் கணக்கைத் தொடுவதேயில்லை. காசு உண்மையில் கைமாறும் மாதத்தில் அதை எழுதி, மாதாமாதம் கூட்டிக்கொண்டு போய், கூட்டுத்தொகை சுழியத்தைத் தொடும் மாதத்தைப் பார்க்கிறேன். பணப் பற்றாக்குறையின் பள்ளம் எந்த மாதத்தில் மிக ஆழமாகிறது என்பதும் அதே அட்டவணையில் தெரியும். காகித வியாபாரி ஒரு மாதக் கடன் கொடுத்திருந்தால் 13 இலட்சம் குறைந்து, முதலீடு 60ஆம் மாதத்தில் மீண்டிருக்கும். அந்தப் பேரத்தை இயந்திரம் வாங்குமுன் பேசியிருக்க வேண்டும்.

சமப்பாட்டுப் புள்ளியோடு குழப்புவது

அதே பட்டறையில் காகிதச் செலவு போக ஒரு ரூபாய் விற்பனைக்கு 35 சதம் மிஞ்சுவதால், மாதம் ஏறத்தாழ 14.3 இலட்சம் விற்றால் 5 இலட்சம் நிலையான செலவு அடைபடும். இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை; அதுதான் சமப்பாட்டுப் புள்ளி. அந்த அளவிலேயே நின்றால் போட்ட 60 இலட்சம் ஒருநாளும் திரும்பாது.

பெறுமானத் தேய்வைக் கழித்த இலாபத்தால் வகுப்பது

பெறுமானத் தேய்வு என்பது இயந்திரத்தின் விலையை ஆண்டுதோறும் பகுதி பகுதியாகச் செலவாக எழுதுவது; அதைக் கழித்த இலாபத்தால் வகுப்பது அந்த விலையை இருமுறை கழிப்பதாகும்.

திறப்பு விழாவிலிருந்து மாதத்தை எண்ணுவது

முற்பணமும், கடையைப் பிடிக்கக் கொடுக்கும் கீ மணியும் கொடுத்த நாளிலேயே பணம் போய்விட்டது. துறைமுகத்தில் இயந்திரம் காத்திருந்த வாரங்களும், மின் இணைப்புக்காகக் கடையைப் பூட்டி வைத்து வாடகை கட்டிய மாதங்களும் காலக் கணக்கைச் சேர்ந்தவையே.

உரிமையாளருக்குச் சம்பளம் எழுதாதது

உங்கள் இடத்தில் வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கொடுப்பீர்களோ, அதை எழுதுங்கள்.

விலைகள் அசையாது என்று நம்புவது

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவை எட்டியது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி அதே ஆண்டில் 12, பின்னர் 15 என ஏறி, 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. இவற்றை எவரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் மூலப்பொருள் விலை பத்து வீதம் ஏறினால் மீளும் மாதம் எங்கே போகும் என்று பார்க்க ஒரு மணி நேரம் போதும். என் பட்டறைக் கணக்கில் அந்தப் பத்து வீதம் 1.3 இலட்சத்தை விழுங்கியிருக்கும். தொலைவில் வரும் ரூபாயின் பெறுமதியும் குறைவு: ஆண்டுக்கு 15 வீதம் கழிவிட்டால், ஐந்தாம் ஆண்டின் இறுதியில் வரும் ஒரு ரூபாய் இன்று ஏறத்தாழ 50 சதமே.

அந்த இளைஞரின் தாளை மாதவாரியாக மீண்டும் எழுதினோம். 14 மாதம் 23 ஆயிற்று. அலுவலகங்களிடம் வாரம் ஒருமுறை பணம் தருமாறு கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லி, சமையற்கூடத்தின் முற்பணத்தைக் கொடுக்காமலே திரும்பிப் போனார்.