மெய்நிகர் கணினிக்கு ஹோஸ்டின் வட்டைத் திறந்துவிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் கேவிஎம் (கெர்னலில் உள்ள மெய்நிகராக்க வசதி) கொண்டு மெய்நிகர் கணினிகளை அமைக்கப் புதியவர்கள் சிலருக்குக் கொஞ்ச காலமாகக் கற்றுக்கொடுத்து வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே, அதே வரிசையில், அதே காரணங்களைச் சொல்லி அவர்களும் செய்கிறார்கள். காப்பு நகல் எடுக்காமல் தொடங்குவது, கட்டளையைத் தவறாகத் தட்டச்சு செய்வது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறு என்பது செய்பவருக்கே தெரியும். சரியான வழி என்று நம்பிச் செய்யப்படுபவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பயனரை டிஸ்க் குழுவில் சேர்ப்பது

ஹோஸ்ட் கணினியில் (மெய்நிகர் கணினியைத் தாங்கும் உண்மையான கணினியில்) உள்ள ஒரு முழு வட்டை கெஸ்டுக்கு, அதாவது மெய்நிகர் கணினிக்கு, கொடுக்க விரும்பும் ஒருவர், தன் சாதாரணப் பயனர் கணக்கிலிருந்து மெய்நிகர் கணினியை ஓட்டும் நிரலான க்யூஎமுவை இயக்குகிறார். "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற செய்தி வருகிறது. தேடிப் பார்த்தால், உங்கள் பயனரை டிஸ்க் என்ற குழுவில் சேர்த்துவிடுங்கள் என்ற ஒரு வரித் தீர்வு கிடைக்கிறது. சேர்த்து, வெளியேறி, மீண்டும் உள்நுழைந்ததும் மெய்நிகர் கணினி ஓடத் தொடங்குகிறது. சிக்கல் தீர்ந்துவிட்டதாக அவர் நினைக்கிறார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்த அறிவுரையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

டிஸ்க் குழு ஒரு வட்டுக்கான அனுமதி அன்று. கணினியில் உள்ள எல்லா வட்டுகளையும் படிக்கவும் எழுதவும் அது உரிமை தருகிறது. கோப்பு முறைமையின் அனுமதிகள் எவையும் அந்த வழியில் குறுக்கே நிற்பதில்லை. டீபக்எஃப்எஸ் என்ற சாதாரணக் கருவியைக் கொண்டு, அந்தக் குழுவில் உள்ள எவரும் ரூட் (கணினியின் முழு அதிகாரம் கொண்ட கணக்கு) மட்டுமே படிக்கக்கூடிய கடவுச்சொல் கோப்பைப் படிக்கலாம். எழுதும் முறையில் திறந்தால் மாற்றவும் செய்யலாம். இந்தக் குழுவின் அதிகாரம் ஏறக்குறைய ரூட்டுக்குச் சமம் என்று டெபியன் ஆவணமே சொல்கிறது. ஆகவே, மெய்நிகர் கணினியை ரூட்டாக ஓட்டக்கூடாது என்று கவனமாக இருப்பவர், அந்தக் கவனத்தை இந்த ஒரு கட்டளையால் பயனற்றதாக்கிவிடுகிறார்.

நான் இதற்குக் கொடுத்த விலையைச் சொல்கிறேன். என் கணினியில் மூன்று வட்டுகள் இருந்தன: இயங்குதளம் உள்ள எஸ்டிஏ, மெய்நிகர் கணினிக்காக வாங்கிய எஸ்டிபி, பழைய வேலைகள் அனைத்தையும் சேமித்திருந்த எஸ்டிசி. பின்னிரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே கொள்ளளவு கொண்ட வட்டுகள். டிஸ்க் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டு, எஸ்டிபியை கெஸ்டுக்குக் கொடுத்திருந்தேன். சில வாரங்கள் கழித்து ஹோஸ்டை மறுதொடக்கம் செய்தபோது, கெர்னல் (இயங்குதளத்தின் கரு) அவ்வட்டுகளை வேறு வரிசையில் கண்டறிந்ததால் எஸ்டிபியும் எஸ்டிசியும் இடம் மாறியிருந்தன. அன்றுதான் கெஸ்டில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ முடிவு செய்தேன். கெஸ்டுக்குள் இருந்து பார்த்தால் அந்த வட்டின் பெயர் விடிஏ. அளவும் எதிர்பார்த்த அளவே. நிறுவல் நிரல், பழைய பார்ட்டிஷன் (வட்டைப் பிரித்த பகுதி) அட்டவணை ஒன்று இருப்பதாகச் சொன்னது. முந்தைய நிறுவலின் மிச்சம் என்று எண்ணி அழிக்க ஒப்புக்கொண்டேன். என் சேமிப்பு வட்டின் மேல் புதிய கோப்பு முறைமை எழுதப்பட்டது. வேறு இடங்களில் இருந்த நகல்களைத் தேடித் தேடி ஒரு பகுதியை மீட்டேன். மற்றவை திரும்பக் கிடைக்கவே இல்லை.

அந்த வட்டுக்கு மட்டும், அதன் வரிசை எண்ணை (ஒவ்வொரு வட்டுக்கும் தனியாக உள்ள சீரியல் எண்ணை) வைத்து, அனுமதி கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இடம் மாறி வந்த வட்டைத் திறக்க முயன்ற க்யூஎமு, எந்தச் செய்தியைத் தடை என்று கருதி நான் நீக்கினேனோ அதே செய்தியைச் சொல்லி நின்றிருக்கும்.

செய்ய வேண்டியது கடினமானதும் அன்று. யூடெவ் (சாதனங்களுக்குப் பெயரும் அனுமதியும் அமைக்கும் லினக்ஸ் சேவை) விதி ஒன்றை எழுதி, குறிப்பிட்ட வரிசை எண் கொண்ட வட்டின் உரிமையாளராக மட்டும் மெய்நிகர் கணினியை ஓட்டும் தனிப் பயனரை அமைக்கலாம். மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட் வழியாக ஓட்டினால் அதுவும் தேவையில்லை. அது க்யூஎமுவைத் தனிப் பயனராக ஓட்டி, கெஸ்டின் அமைப்பில் குறிப்பிட்ட வட்டின் உரிமையை மட்டும் தொடங்கும்போது மாற்றிக் கொடுத்து, சிகுரூப் (செயல்முறைகளைக் கட்டுப்படுத்தும் கெர்னல் வசதி) பட்டியலின் மூலம் மற்றச் சாதனங்களைத் திறக்கவிடாமல் தடுத்துவிடுகிறது. 2015-இல் வெளியான வெனம் பிழையை நினைவில் கொள்ளுங்கள். யாரும் பயன்படுத்தாத மெய்நிகர் ஃபிளாப்பி கட்டுப்படுத்தியில் இருந்த ஒரு ஓட்டை வழியாக, கெஸ்டுக்குள் இருக்கும் ஒருவர் ஹோஸ்டில் ஓடும் க்யூஎமு செயல்முறையையே கைப்பற்ற வாய்ப்பிருந்தது. அப்படி ஒன்று நடந்தால், அந்தச் செயல்முறைக்கு என்னென்ன வட்டுகள் திறந்திருக்கின்றனவோ அவையெல்லாம் அவருடையவை.

எஸ்டிபி போன்ற பெயரை அமைப்பில் எழுதுவது

எழுதாதீர்கள், டெவ் கோப்பகத்தில் வரிசை எண்ணோடு அமைந்த நிலையான பெயர் இருக்கிறது, அதையே எழுதுங்கள்.

ஹோஸ்டும் கெஸ்டும் ஒரே வட்டை மவுண்ட் செய்வது

லினக்ஸின் கோப்பு முறைமைகளான எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ஆகிய இரண்டும் தம்மை ஒரே ஒரு கெர்னல் மட்டுமே கையாளுகிறது என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை. இரண்டு கெர்னல்கள் ஒரே நேரத்தில் மவுண்ட் செய்தால் (பயன்பாட்டுக்கு இணைத்தால்), ஒவ்வொன்றும் தன் நினைவகத்தில் உள்ள பழைய நிலையை உண்மையென நம்பி எழுதும். கோப்பு முறைமை சிதைவதற்குச் சில நிமிடங்களே போதும். இதை விளக்கினால், "ஹோஸ்டில் படிக்க மட்டும்தான் மவுண்ட் செய்திருக்கிறேன்" என்ற பதில் தவறாமல் வருகிறது. படிப்பதற்கு மட்டும் மவுண்ட் செய்தாலும், ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேட்டில்) முடிவடையாத பதிவுகள் இருந்தால் இவ்விரண்டு கோப்பு முறைமைகளும் அவற்றை வட்டில் எழுதி முடித்த பிறகே மவுண்ட் ஆகும். அந்த ஜர்னலோ அப்போது கெஸ்டின் கையில் இருக்கிறது. கோப்புகளைப் பகிர்வதுதான் நோக்கம் என்றால் கோப்பகப் பகிர்வு வசதிகளான விர்டியோஎஃப்எஸ் அல்லது என்எஃப்எஸ் வழியாக ஒரு கோப்பகத்தை மட்டும் கொடுப்பதே முறை. மைக்ரோசாஃப்டின் மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வியில் வட்டை ஹோஸ்டில் ஆஃப்லைன் ஆக்கிய பிறகே கெஸ்டுக்குக் கொடுக்க முடியும்; அந்தக் கட்டாயம் லினக்ஸில் இல்லாததால், அதை நாமே நமக்கு விதித்துக்கொள்ள வேண்டும்.

பார்ட்டிஷன் மட்டும் கொடுத்தால் பாதுகாப்பு என்று முடிவு செய்வது

2011-இன் இறுதியில் வெளிவந்த ஒரு கெர்னல் பிழை இந்த நம்பிக்கையை உடைத்தது. ஒரு பார்ட்டிஷனை மட்டும் பெற்ற கெஸ்ட், அதன் மீது நேரடி ஸ்கஸி (வட்டுகளோடு பேசும் நெறிமுறை) கட்டளைகளை அனுப்பினால், கெர்னல் அவற்றை எல்லை பார்க்காமல் முழு வட்டுக்கும் கடத்தியது. அது திருத்தப்பட்டு நெடுநாளாகிவிட்டது. இருந்தாலும், லிப்விர்டில் வட்டை லன் வகையாக அமைத்து ஸ்கஸி கட்டளைகளைக் கடத்திவிடும் வசதியை, கிளஸ்டர் போன்ற உறுதியான தேவை இல்லாமல் யாரும் இயக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

படிமக் கோப்பின் வடிவத்தைக் குறிப்பிடாமல் விடுவது

கெஸ்டின் வட்டாகப் பயன்படும் படிமக் கோப்பு ரா வடிவத்தில் (தலைப்பு ஏதுமின்றி வட்டின் உள்ளடக்கம் மட்டும்) இருந்தால், அதன் முதல் பைட்டுகளை எழுதுவது கெஸ்ட்தான். அங்கே ஒரு க்யூகௌ2 (க்யூஎமுவின் சொந்தப் படிம வடிவம்) தலைப்பை எழுதி, அதன் பின்னணிக் கோப்பாக (படிமத்தில் இல்லாத தரவைப் படிக்கும் கோப்பாக) ஹோஸ்டின் வட்டு ஒன்றைக் காட்டினால், வடிவத்தை ஊகித்துத் திறக்கும் க்யூஎமு அடுத்த தொடக்கத்தில் அந்த வட்டையே கெஸ்டுக்குக் காட்டிவிடும். இப்போது க்யூஎமு எச்சரித்து, முதல் தொகுதியில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிறது. அந்த எச்சரிக்கையைக் கடந்து போகாமல், ரா என்று ஒரு சொல்லை அமைப்பில் சேர்த்துவிடுங்கள்.

எஸ்இலினக்ஸை (செயல்முறைகள் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் கெர்னல் பாதுகாப்பை) அணைப்பது

கூடாது.

கெஸ்டின் எல்விஎம் தொகுதிகளை ஹோஸ்ட் தானே இயக்க விடுவது

கெஸ்டுக்குக் கொடுத்த வட்டுக்குள் கெஸ்ட் தனக்கென எல்விஎம் (வட்டுகளைத் தொகுதிகளாக நிர்வகிக்கும் லினக்ஸ் அமைப்பு) அமைத்திருந்தால், ஹோஸ்ட் தொடங்கும்போது தன் தேடலில் அதையும் கண்டு இயக்கிவிடக்கூடும். அப்போது அந்த வட்டு இரண்டு கைகளில் இருக்கிறது; யாரும் எந்தக் கட்டளையும் இடாமலே மேலே சொன்ன இரட்டை மவுண்டுக்கு ஒரு படி அருகில் வந்துவிடுகிறோம். கெஸ்டும் ஹோஸ்டும் ஒரே பெயரில் தொகுதிக் குழு வைத்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும். எல்விஎம் அமைப்புக் கோப்பில் உள்ள குளோபல் ஃபில்டரில், ஹோஸ்டுக்கு உரிய வட்டுகளை மட்டும் அனுமதித்து மற்ற அனைத்தையும் விலக்கி எழுதுங்கள். அதன்பின் தொடக்க ராம் படிமத்தையும் (கணினி தொடங்கும்போது முதலில் ஏற்றப்படும் சிறு கோப்பு முறைமையையும்) புதுப்பிக்க வேண்டும். அதற்குள் பழைய அமைப்பே இருந்தால், கணினி தொடங்கும் முதல் நொடிகளில் வடிகட்டி இல்லாமலே தேடல் நடந்துவிடும்.