சோபாவும் தப்பிக்கணும், பூனையோட நகமும் இருக்கணும்

எங்க பூனை சின்னு வந்து மூணே மாசத்துல சோபா கைப்பிடியில பஞ்சு வெளிய வந்துருச்சு, அம்மா ஒரு பக்கம் திட்டு, இதுல வீட்டுக்கு வந்த ஒருத்தர் "டாக்டர்கிட்ட சொன்னா நகத்தையே எடுத்துருவாங்களே"ன்னு அசால்ட்டா சொல்லிட்டுப் போனாரு. அதை மட்டும் பண்ணிராதீங்க. அது நகம் வெட்டுற வேலை இல்ல, ஒவ்வொரு விரலோட கடைசி எலும்பையும் சேர்த்து வெட்டி எடுக்குற ஆபரேஷன். பிரிட்டன்ல இதுக்குத் தடை, நியூயார்க் மாநிலத்துலயும் 2019ல தடை பண்ணிட்டாங்க.

பூனை பிராண்டுறது திமிர்ல இல்லங்க. நகத்து மேல இருக்குற பழைய ஓடு கழண்டு விழணும். சோபா அடியில பெருக்கும்போது பிறை மாதிரி வெள்ளையா, உள்ள காலியா ஒண்ணு கிடைக்கும் பாருங்க, அதான் அது, நான் முதல்ல பார்த்தப்ப நகமே பிடுங்கிக்கிச்சோன்னு பதறிட்டேன். அப்புறம் தூங்கி எழுந்ததும் சோம்பல் முறிக்கணும், பாதத்துல இருக்குற வாசனைச் சுரப்பியால இது என் ஏரியான்னு குறி வைக்கணும். அதனால நிறுத்தவே முடியாது, வேற இடத்தைக் காட்டத்தான் முடியும்.

பூனை பிராண்டுறதுக்குன்னே கயிறு சுத்துன கட்டை, அதாவது போஸ்ட், கடையில விக்குது, ஆனா பாதி குட்டையா இருக்கு, சாய்ஞ்சா ஆடுது, ஒரு தடவ ஆடுச்சுன்னா பூனை அப்புறம் அந்தப் பக்கமே போகாது. நான் 4 இன்ச் கனத்துல 3 அடி சவுக்குக் கட்டை வாங்கி, ஒன்றரை அடி சதுர ப்ளைவுட்ல அடியிலருந்து ஸ்க்ரூ போட்டு நிறுத்தி, 8 எம்எம் கயிறை இடைவெளி இல்லாம நெருக்கி சுத்துனேன். கிட்டத்தட்ட 40 மீட்டர் இழுத்துச்சு, நான் 15 மீட்டர் போதும்னு வாங்கிட்டு வந்து திரும்ப கடைக்கு ஓடுனேன். சைசல்ங்குற கத்தாழை நார் கயிறு நல்லது, கிடைக்கலனா தேங்கா நார் கயிறே போதும், கொஞ்சம் நார் கொட்டும் அவ்ளோதான். சில பூனைக்கு நிக்கிற கட்டை பிடிக்காது, மிதியடியைத்தான் பிராண்டும், அதுக்கு ஒரு நார் மிதியடியைத் தரையில போட்டுருங்க, வேலை முடிஞ்சுது.

போஸ்ட்டை எங்கயோ மூலையில வைக்காதீங்க, பிராண்டுற சோபாவுக்கு பக்கத்துலயே வைங்க. சோபா கைப்பிடியில டபுள் சைட் டேப் ஒட்டுங்க, ஒட்டுற இடம் பூனைக்கு ஆகாது. பூனையைச் சொக்க வைக்கிற கேட்னிப் செடியைத் தேடி அலைய வேணாம், நம்ம காம்பவுண்ட் ஓரத்துல முளைக்கிற குப்பைமேனிக்கு பூனைவணங்கின்னு இன்னொரு பேரு உண்டு, வேரைப் பிடுங்கி கயித்துல தேய்ச்சு விட்டா போதும், சின்னு உருண்டு புரண்டுருச்சு. தின்ன விடாதீங்க. அடிக்கவும் தண்ணி தெளிக்கவும் வேணாம், அது நம்மளப் பார்த்துதான் பயப்படும், ராத்திரி நாம தூங்குனதும் சோபாவுக்கு வந்துரும்.

ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருதடவ நகத்து நுனிய மட்டும் வெட்டுங்க, சாப்பிட்டு தூக்கக் கலக்கத்துல இருக்குறப்ப. உள்ள பிங்க்கா தெரியுறது ரத்தக்குழாய், அதுக்கு முன்னாடியே நிறுத்திரணும். ஒரே நேரத்துல எல்லா விரலும் முடியாது, நான் ஒரு நாளைக்கு ஒரு கால்தான்.

பழகுனப்புறம் போஸ்ட்டை நகர்த்தணும்னா தினம் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துங்க. நான் ஒரே நாள்ல பால்கனிக்கு கொண்டு போனேன், சாயங்காலமே சோபாவுக்குத் திரும்பிட்டான். கயிறு நார் நாரா பிஞ்சு பார்க்க அசிங்கமா ஆயிடுச்சுன்னு தூக்கிப் போட்டுராதீங்க, அந்த நிலைமையிலதான் அதுக்கு ரொம்பப் பிடிக்கும்.