யூரேல் பாஸ் எடுக்கலாமா? வாங்கும் முன் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் "யூரேல் பாஸ் எடுத்துடுங்க, எந்த ரயில்ல வேணும்னாலும் ஏறிக்கலாம்" என்று சொல்லிவிடுவார். 33 நாடுகளில் அது செல்லும் என்பது உண்மைதான். ஆனால் பல ரயில்களில் பாஸுக்கு மேல் தனியாகப் பணம் கட்டி இருக்கை பதிவு செய்தால்தான் ஏற முடியும், இதை வாங்கிய பிறகு தெரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர். அதனால் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, கீழே சொல்லும் வரிசையில் போங்கள்.

1. எந்தப் பாஸ் உங்களுக்கு?

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரேல், அங்கேயே வசிப்பவர்களுக்கு இன்டர்ரேல். பாரிஸில் இருக்கும் அக்கா குடும்பத்தோடு சேர்ந்து போகிறீர்கள் என்றால் உங்களுக்கு யூரேல், அவர்களுக்கு இன்டர்ரேல். அவர்கள் வசிக்கும் நாட்டுக்குள் மட்டும் அந்தப் பாஸை வெளியே போக ஒருநாள், திரும்பி வர ஒருநாள் என்றுதான் பயன்படுத்த முடியும்.

2. ஊர்களை விடுங்கள், பயண நாட்களை எண்ணுங்கள்

பாஸ் விற்கப்படுவது பயண நாட்களின் எண்ணிக்கையில், அதனால் ஆறு ஊர் பார்க்கிறோம் என்பது இந்தக் கணக்குக்கு உதவாது. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும் ஒவ்வொரு நாளையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஒரு பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, அதற்குள் எத்தனை ரயில் மாறினாலும் ஒரே நாள்தான். இரவு ரயிலில் நள்ளிரவுக்கு முன் ஏறி, இடையில் மாறாமல் போய் இறங்கினால் ஏறிய நாள் மட்டும் கழியும். மெட்ரோ, டிராம், நகரப் பேருந்து எல்லாம் பாஸில் வராது, அவற்றை இந்தத் தாளில் எழுதவே வேண்டாம்.

3. ஒரு நாளுக்கு என்ன விலை விழுகிறது?

33 நாடுகளுக்கும் செல்லும் பாஸுக்குக் குளோபல் பாஸ் என்று பெயர். 2024-இல் பெரியவர்களுக்கான இரண்டாம் வகுப்பு குளோபல் பாஸ் விலை இப்படி இருந்தது: ஒரு மாதத்துக்குள் 4 நாள் 283 யூரோ, 5 நாள் 318, 7 நாள் 381. நீங்கள் வாங்கும்போது என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வகுத்துப் பார்த்தால் 4 நாள் பாஸில் ஒரு நாளுக்குக் கிட்டத்தட்ட 71 யூரோ, 7 நாள் பாஸில் 54. உங்கள் பட்டியலில் ஒவ்வொரு வரியையும் இந்த எண்ணோடுதான் ஒப்பிடப் போகிறோம். 27 வயது வரை உள்ளவர்களுக்கும் 60 தாண்டியவர்களுக்கும் விலை குறைவு. 4 முதல் 11 வயது வரை பிள்ளைகளுக்குப் பாஸ் இலவசம், ஒரு பெரியவரோடு இரண்டு பிள்ளைகள் வரை. ஆனால் இருக்கைப் பதிவுக்கு அவர்களுக்கும் கட்ட வேண்டியிருக்கும்.

4. நேரடி டிக்கெட் விலையைத் தேடுங்கள்

ஜெர்மனிக்கு டாய்ச்சே பான், இத்தாலிக்கு ட்ரெனிடாலியா, ஆஸ்திரியாவுக்கு ஓபிபி என்று அந்தந்த ரயில்வேயின் சொந்தத் தளத்திலேயே பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு விலை எழுதுங்கள்: இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு தேதிக்கு என்ன, நாளைக்கே போவதாக இருந்தால் என்ன. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் பாஸின் மதிப்பே இருக்கிறது. மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு முன்கூட்டியே எடுத்தால் 20, 30 யூரோவுக்குக்கூடக் கிடைக்கும். அன்றைக்கே, எந்த ரயிலிலும் போகலாம் என்ற டிக்கெட் எடுத்தால் 150-ஐத் தாண்டும்.

5. இருக்கைப் பதிவுக் கட்டணம்

இதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, ஸ்பெயினின் ஆவே, லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போகும் யூரோஸ்டார், இவை எல்லாவற்றிலும் பதிவு கட்டாயம். ஃப்ரெச்சாரோஸாவுக்குச் சுமார் 13 யூரோ, யூரோஸ்டாருக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதைவிடக் கஷ்டம், யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் கொஞ்சம்தான். கோடை விடுமுறையில் அவை சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்போது ரயிலில் இடம் இருந்தாலும் பாஸ் வைத்திருப்பவருக்கு இல்லை.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளுக்குள் ஓடும் ரயில்களில் கதை வேறு. ஐசிஇ, ரயில்ஜெட் போன்ற வேக ரயில்களில்கூடப் பொதுவாகப் பதிவு இல்லாமல் ஏறி உட்காரலாம். கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் போன்ற சுற்றுலா ரயில்கள் மட்டும் விதிவிலக்கு. யுங்ஃப்ராவ்யோக் மலை ரயிலுக்குப் பாஸ் காட்டினால் தள்ளுபடிதான், முழுப் பயணமும் அதில் அடங்காது.

6. இப்போது கூட்டிப் பாருங்கள்

நம்மவர்கள் அதிகம் போகும் பாதையையே எடுப்போம்: பாரிஸ், இன்டர்லாக்கன், மிலான், வெனிஸ், ஃப்ளோரன்ஸ், ரோம். ஐந்து பயண நாள். பாஸ் 318, பதிவுக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 80, ஆக 400 யூரோவை ஒட்டி வரும். இதே பாதைக்குத் தேதி முடிவாகி முன்கூட்டியே தனித்தனியாக எடுத்தால் என் கணக்கில் 200 முதல் 250-க்குள் முடித்துவிடலாம். இத்தாலிக்குள் ஓடும் குறுகிய தூரங்களை இந்தப் பாஸில் வைப்பது எனக்குச் சரியாகப் படவே இல்லை. ஃப்ளோரன்ஸிலிருந்து ரோம் ஒன்றரை மணி நேரம். அதற்குப் போய் ஒரு முழுப் பயண நாளையும் கழித்து மேலே 13 யூரோவும் கட்டுவானேன்?

பெர்லின், மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா, சூரிச் என்று போகிறவருக்குக் கணக்கு அப்படியே மாறும், அதுவும் மழை பெய்தால் இன்னொரு நாள் தங்கிவிட்டுப் போவோம் என்கிற ஆளாக இருந்தால் பாஸ் தாராளமாக எடுக்கலாம். எடுத்தாலும் எல்லா வரியையும் அதில் திணிக்காதீர்கள். நீண்ட, விலை கூடியவற்றைப் பாஸில் வைத்துவிட்டு, மியூனிக்–சால்ஸ்பர்க் போன்ற மலிவானவற்றைத் தனி டிக்கெட்டில் போய்விடலாம்.

7. விசாவையும் கணக்கில் சேருங்கள்

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு இது தனிப் பிரச்சினை. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு நாள்வாரியான திட்டமும் தங்குமிடப் பதிவும் காட்டவேண்டியிருப்பதால் தேதிகள் ஏற்கெனவே முடிவாகிவிடும். அப்படிப் பார்த்தால் முன்பதிவு டிக்கெட்தான் லாபம். ஆனால் விண்ணப்பித்த பிறகு வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரைகூட ஆகும். அதற்குள் மலிவு டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகும், விசா வரும் முன்பே வாங்கி, வராமல் போனால் அந்த மலிவு டிக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் திரும்பாது. யூரேல் பாஸை ஆக்டிவேட் செய்யாமல் வைத்திருந்தால் 85 சதவீதம் திரும்பக் கிடைக்கும் (சலுகை விலையில் வாங்கியதற்கு விதி வேறாக இருக்கலாம், படித்துப் பாருங்கள்). அதனால் விசா தாமதமாகும் போலிருந்தால், 50, 60 யூரோ கூடுதலானாலும் நான் பாஸ் பக்கம்தான் சாய்வேன். லண்டனையும் சேர்த்தால் அதற்குத் தனி விசா என்பதை மறக்க வேண்டாம்.

8. எடுத்துவிட்டால்

யூரேலின் ரயில் பிளானர் செயலியில் பாஸைச் சேர்த்து, வெளிநாடு போன பிறகு ஆக்டிவேட் செய்யுங்கள். வாங்கிய 11 மாதத்துக்குள் தொடங்கினால் போதும். ஒவ்வொரு ரயிலிலும் ஏறுவதற்கு முன் அந்த ரயிலைச் செயலியில் சேர்த்து அன்றைய பயண நாளைத் தொடங்கிவிட வேண்டும். பரிசோதகர் பாஸ்போர்ட்டும் கேட்பார், பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். செயலி மூன்று நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைய வேண்டும், ஃபோனில் சார்ஜும் இருக்க வேண்டும். குடும்பத்தில் எல்லாருடைய பாஸையும் ஒரே ஃபோனில் ஏற்றியிருந்தால் பவர் பேங்க் இல்லாமல் கிளம்பாதீர்கள்.