மலிவு விலைச் சோதனைப் பட்டைகள்: உருவாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயைச் சுட்டும் மூலக்கூறான உயிரிக் குறிப்பானைச் சில நிமிடங்களில் காட்டும் சோதனைப் பட்டைகளை உருவாக்கப் புதிதாக வருபவர்களின் ஆய்வக ஏடுகளைப் படிக்கும்போதெல்லாம், தொடக்கக் காலத்தில் நான் செய்த பிழைகளே வேறொருவர் கையெழுத்தில் திரும்ப வருவதைக் காண்கிறேன். காலாவதித் தேதியைப் பார்க்காதது, குறித்த நேரம் கடந்தபின் கோட்டைப் படிப்பது போன்றவற்றை உறையில் உள்ள குறிப்பே சொல்லிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பஃபர் கரைசலில் கிடைத்த எண்ணை நம்புவது

அமிலத்தன்மை மாறாமல் காக்கும் தூய பஃபர் கரைசலில் குறிப்பானைக் கலந்து ஊற்றினால் சுமாரான பட்டைகூட அழகாகக் கோடு காட்டும். உண்மையான மாதிரிகள் அப்படியல்ல: உமிழ்நீரில் உள்ள மியூசின் என்ற புரதம் அதன் கொழகொழப்பால் ஓட்டத்தைத் தடுக்கும்; சிறுநீரின் அமிலத்தன்மையும் உப்பும் ஒரே மனிதரிடமே காலைக்கும் மாலைக்கும் மாறும்; சிலரின் ரத்தத்தில் இருக்கும், ஆன்டிபாடிகளையே பற்றும் ருமட்டாய்டு காரணி, குறிப்பானே இல்லாதபோதும் பட்டையில் குறிப்பானைப் பற்றுவதற்காக வைத்த இரண்டு ஆன்டிபாடிகளையும் (பிணைப்புப் புரதங்கள்) பிணைத்துப் பொய்க்கோடு எழுப்பும். உண்மையான மாதிரிகளைக் கடைசி மாதத்துக்கு ஒத்திவைக்காமல் முதல் வாரத்திலேயே கையில் எடுங்கள்.

குறைந்த அளவை மட்டுமே துரத்துவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். எவ்வளவு சிறிய அளவைக் கண்டறிகிறது என்பதையே எல்லோரும் பெருமையாக எழுதுகிறார்கள். மிக அதிக அளவில் பட்டை என்ன செய்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

நாங்கள் சி-ரியாக்டிவ் புரதத்துக்கு ஒரு பட்டை செய்துகொண்டிருந்தோம். அழற்சியின்போது கல்லீரல் மிகுதியாகச் சுரக்கும் இந்தப் புரதம், நலமாக இருப்பவரிடம் பொதுவாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும். கடும் பாக்டீரியத் தொற்றில் 300-ஐயும் தாண்டும். நாங்களோ 50 வரை மட்டுமே சோதித்திருந்தோம். ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த மாதிரிகளில், ஆய்வகக் கருவி 300-க்கு மேல் அளந்திருந்த ஒன்று, எங்கள் பட்டையில் ஏறக்குறைய நலமானவருக்குரிய மங்கலான கோட்டையே தந்தது. திரவம் ஓடும் நைட்ரோசெல்லுலோஸ் தாளின் சுருளை மாற்றினோம், கோட்டுக்கு நிறம் தரும் தங்க நுண்துகள்களைப் புதிதாகத் தயாரித்தோம், மாதிரி கெட்டுவிட்டது என்றுகூட ஏட்டில் எழுதினோம். ஐந்து வாரங்கள் கழித்து, குழுவில் ஒருவர் அதே மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து ஊற்றியபோது கோடு அடர்சிவப்பாக எழுந்தது.

காரணம் எளியது. தங்கத் துகளில் ஒட்டிய ஆன்டிபாடியும் கோட்டில் பதிந்த ஆன்டிபாடியும் ஒரே குறிப்பான் மூலக்கூறை இரு பக்கமும் பற்றினால்தான் நிறம் தெரியும். மூலக்கூறுகள் அளவுமீறிப் பெருகும்போது, துகளில் உள்ளவை தமக்கொன்று, கோட்டில் உள்ளவை தமக்கொன்று எனத் தனித்தனியே பற்றிக்கொள்ள, இரண்டையும் இணைக்கும் பாலம் அமையாமல் கோடு மங்குகிறது. இதையே ஹூக் விளைவு என்கிறோம். கருவுக்குப் பதிலாக நச்சுக்கொடித் திசு இயல்பற்று வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில், கர்ப்பச் சோதனை தேடும் எச்சிஜி ஹார்மோன் மிதமிஞ்சி உயரும்போது அந்தச் சோதனை சில நேரம் எதிர்மறை காட்டுவதற்கும் இதுவே காரணம். நோய் மிகக் கடுமையாக இருப்பவரிடம் நலமாக இருக்கிறீர்கள் என்று சொல்லும் பட்டையைவிட, பட்டையே இல்லாதிருப்பது நல்லது.

ஆகவே மருத்துவத்தில் காணப்படும் மிக உயர்ந்த அளவையும், அதற்குப் பத்து மடங்கு மேலும் சோதித்துப் பாருங்கள். கோடு மங்கினால் மாதிரியை நீர்க்கும் படியைச் சோதனையிலேயே சேர்க்கலாம், பிடிக்கும் ஆன்டிபாடியின் அளவைக் கூட்டலாம், அல்லது மிகை அளவை மட்டும் உணர்த்தும் மூன்றாவது கோடு ஒன்றை வைக்கலாம். ஐயமான முடிவு வரும் ஒவ்வொரு மாதிரியையும் நீர்த்து மறுபடி ஊற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு பட்டை மட்டுமே.

கட்டுப்பாட்டுக் கோட்டைச் சான்றாகக் கொள்வது

குறிப்பான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தோன்ற வேண்டிய இந்தக் கோடு, திரவம் அதுவரை ஓடியது, துகள் வேலை செய்தது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

ஈரப்பதம்

இதைத் தவிர்க்க, உறைக்குள் ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தியை வையுங்கள்; உறையைப் பிரித்தவுடன் சோதனையைச் செய்துவிடுங்கள்.

95 சதவீதத்தில் நிறைவடைவது

எளிய சோதனைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோல்களில், மலிவை அடுத்து உணர்திறனும் (நோயுள்ளவரைத் தவறாமல் கண்டறிவது) தனித்தன்மையும் (நோயில்லாதவருக்கு எதிர்மறை காட்டுவது) வருகின்றன. இரண்டும் 95 சதவீதமாக இருந்தாலும், 10,000 பேரில் 100 பேருக்கு மட்டுமே நோய் உள்ள இடத்தில் 95 பேர் சரியாகவும் 495 பேர் தவறாகவும் நேர்மறை பெறுவார்கள். அதாவது நேர்மறை வந்த ஆறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் நோய். அந்த 495 பேரின் அச்சத்தை முன்கூட்டியே நினைத்துப் பார்த்து, அடுத்து எந்த உறுதிப்படுத்தும் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்பதைப் பட்டையின் வழிமுறைத் தாளிலேயே அச்சிடுங்கள்.